தீர்வையற்ற துறைமுகத்தில் வியாபாரம்: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கு

ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு தமிழ்க் கடையின் தட்டுகளைப் பாருங்கள். ஒடியல் மாவுக்குப் பக்கத்தில் இந்திய அப்பளம், பனங்கட்டிக்குக் கீழே எவர்சில்வர் இடியப்ப உரல், மோர்மிளகாயோடு ஊதுபத்தி. அந்தக் கடைக்காரருக்கு முழுக் கொன்ரெயினர் ஒடியல் மா தேவையில்லை. முழுக் கொன்ரெயினர் அப்பளமும் தேவையில்லை. எல்லாம் கலந்து ஒரே கொன்ரெயினரில் வந்தால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். யாழ்ப்பாணத்து ஏற்றுமதியாளர் இந்தியச் சாமானை வழக்கமான இறக்குமதியாகக் கொழும்பில் இறக்கிச் சுங்கத் தீர்வை கட்டி, பிறகு தன் சாமானோடு சேர்த்து அனுப்பினால், விலை தூத்துக்குடிக்காரரின் விலைக்குக் கிட்டவும் வராது. தீர்வையற்ற துறைமுகம் எங்கள் ஊர் வியாபாரிக்கு உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "தீர்வையற்ற" என்ற சொல்லைக் கேட்டதும், மலிவாக இறக்கி யாழ்ப்பாணத்துக் கடையில் விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. தீர்வையற்ற துறைமுக வலயத்துக்குள் இருக்கும்வரை சாமான் சட்டப்படி நாட்டுக்குள் வராத சாமான். வாசலைத் தாண்டி உள்ளூர்ச் சந்தைக்கு வரும் அன்று முழுத் தீர்வையும் விழும். வலயம் தீர்வையை நிறுத்தி வைக்கிறது. சாமான் வேறு நாட்டுக்குப் போனால் மட்டுமே அது ஒழிகிறது. ஆகவே சாமான் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதைத் தீர்மானிக்காமல் வலயத்தில் கால் வைக்க வேண்டாம்.

நிறுத்தி வைக்கப்படும் தொகை எவ்வளவு என்று ஒரு கணக்கு. துறைமுகம் வரை வந்துசேர்ந்த பெறுமதி, அதாவது சாமான் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து, 10 இலட்சம் ரூபா என்று வையுங்கள். உதாரணத்துக்குச் சுங்கத் தீர்வை 20 சதவீதம், துறைமுக விமான நிலைய அறவீடு 10 சதவீதம் என்றும் எடுப்போம். தீர்வை 200,000. அறவீடு 100,000. வற் (பெறுமதி சேர் வரி) கணக்கிடும்போது பெறுமதியோடு இன்னொரு 10 சதவீதத்தைக் கூட்டி, அதற்குமேல் இந்த இரண்டையும் சேர்ப்பார்கள். அடித்தொகை 14 இலட்சம் ஆகிறது. 18 சதவீத வற் 252,000. சமூகப் பாதுகாப்பு அறவீடு 2.5 சதவீதம் 35,000. மொத்தம் 587,000 ரூபா. செஸ் என்ற மேலதிக அறவீடு உள்ள பொருளென்றால் இன்னும் ஏறும். பதிவு செய்தவர் வற்றைப் பிறகு மீளக் கேட்கலாம், ஆனால் கிடைக்கும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். தீர்வையைக் கட்டிவிட்டு மீள் ஏற்றுமதியின் பின் திருப்பிக் கேட்கும் வழியும் உண்டு. அதில் நம்பி இறங்க வேண்டாம். கட்டிய பணத்தைத் திரும்ப எடுப்பதைவிடக் கட்டாமல் இருப்பது எப்போதும் இலகு.

எந்த வலயம்?

2012 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நிதிச் சட்டமும், அதன் கீழ் 2013 இல் வந்த வர்த்தக மைய ஒழுங்குவிதிகளும்தான் இலங்கையில் இதற்கு அடித்தளம். கொழும்பும் அம்பாந்தோட்டையும் தீர்வையற்ற துறைமுகங்கள். கட்டுநாயக்க, கொக்கல போன்ற ஏற்றுமதி வலயங்கள் பிணைக்கப்பட்ட பிரதேசங்கள், அதாவது தீர்வை கட்டாத சாமானைச் சுங்கத்தின் கட்டுப்பாட்டில் வைக்கும் இடங்கள். இந்த ஒழுங்குவிதிகளின் கீழ் அனுமதி பெற்ற நிறுவனத்துக்குச் சுங்கக் கட்டளைச் சட்டம், நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டம் (2017 இல் நீக்கப்பட்டது), இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மூன்றிலிருந்தும் விலக்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அனுமதிக்கான முதலீட்டு வரம்பு மில்லியன் டொலர் கணக்கில். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு களஞ்சியம் வைத்திருப்பவருக்கான கதவு அது அல்ல.

சிறிய வியாபாரிக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. ஏற்கனவே அந்த அனுமதி வைத்திருக்கும் சரக்குக் கையாளும் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளராகி, அவர்களின் களஞ்சியத்தில் இடம் எடுத்துக்கொள்வது ஒன்று. சுங்கத்தின் மேற்பார்வையில் தீர்வை கட்டாத சாமானை வைக்கும் பொதுப் பொண்ட் களஞ்சியத்தில் உங்கள் சொந்தக் கொம்பனியின் பெயரில் சாமானை வைத்து மீள் ஏற்றுமதி செய்வது மற்றது. முதலாவதில் காகித வேலை குறைவு, கட்டணம் கூட. கிழமைக்கு ஒரு கொன்ரெயினர் அனுப்புபவருக்கு அது சரி. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் பொதுப் பொண்ட் போதும்.

டுபாயில் உள்ள ஜெபல் அலியைப் பற்றியும் கேட்பார்கள். 1979 இல் துறைமுகமும் 1985 இல் வலயமும் தொடங்கிய இடம். வெளிநாட்டவர் முழு உரிமையோடு கொம்பனி வைக்கலாம். அந்நாட்டு நாணயமான திர்ஹம் டொலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் மாற்று விகித நோவு இல்லை. சிறிய அலுவலகத்தோடும் தொடங்கலாம், விசா எண்ணிக்கை எடுக்கும் இடத்தின் அளவைப் பொறுத்தது. உரிமத்தில் எழுதிய பொருட்களை மட்டுமே வியாபாரம் செய்யலாம். பொது வர்த்தக உரிமம் எல்லாவற்றுக்கும் இடம் தரும், ஆனால் கட்டணம் பல மடங்கு. சாமானை வலயத்திலிருந்து டுபாய்ச் சந்தைக்கு எடுத்தால் பெரும்பாலான பொருட்களுக்கு 5 சதவீதத் தீர்வையும் 5 சதவீத வற்றும் உண்டு.

"டுபாயில் வரியே இல்லை" என்ற பேச்சுப் பழசாகிவிட்டது. 2023 யூன் 1 இலும் அதன் பின்னும் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அங்கே 375,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட இலாபத்தில் 9 சதவீத நிறுவன வரி இருக்கிறது. வலயக் கொம்பனிக்குப் பூச்சிய வரி கிடைக்க வேண்டுமென்றால், சாமானை மீண்டும் விற்பவருக்கோ பதப்படுத்துபவருக்கோ விற்க வேண்டும். கணக்காய்வு செய்த கணக்கு வேண்டும். பூச்சிய வரிக்குத் தகுதியற்ற வருமானம் மொத்த வருமானத்தின் 5 சதவீதம் அல்லது 50 இலட்சம் திர்ஹம், இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது. வரி வராவிட்டாலும் பதிவு கட்டாயம்.

கிழக்கு ஆபிரிக்காவுக்கோ வளைகுடாவுக்கோ விற்பவருக்கு ஜெபல் அலி பொருத்தம். ஒடியலும் பனங்கட்டியும் சேர்த்து ரொறன்ரோவுக்கு அனுப்புபவருக்கு அது தேவையற்ற சுற்று. அதோடு இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டில் கொம்பனி தொடங்கப் பணம் அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகத்தான் அனுப்பலாம், எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பை அரசு காலத்துக்குக் காலம் மாற்றும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பித் தொடங்கிய கொம்பனியின் இலாபத்தைச் சட்டப்படி ஊருக்குக் கொண்டுவர வழியே இருக்காது. மச்சானின் பெயரில் பங்கை எழுதி வைப்பதும் அப்படித்தான். சட்டத்தின் கண்ணில் கொம்பனி மச்சானுடையது.

காங்கேசன்துறையைப் பற்றி ஒரு சொல். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியபின் அங்கே சரக்கு வியாபாரம் பற்றிய ஆசை பெருகியிருக்கிறது. அது நியாயமான ஆசை. ஆனால் கப்பலில் பயணப் பொதியாக வரும் சாமான் வர்த்தக இறக்குமதி அல்ல. அதைப் பொண்டில் வைக்கவும் முடியாது, மீள் ஏற்றுமதி செய்யவும் முடியாது. இன்றைய நிலையில் உங்கள் கொன்ரெயினர் கொழும்பில்தான்.

மூன்று சொற்களைப் பிரித்து அறியுங்கள்

சரக்கு நிறுவனங்களோடு பேசும்போது மூன்று வேலைகள் ஒரே பெயரில் குழம்பும். கப்பல் மாற்றல் என்பது பூட்டிய கொன்ரெயினர் ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது. கொழும்பில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இவைதான். அதில் நீங்கள் பெட்டியைத் திறக்க முடியாது. பலநாட்டு ஒருங்குசேர்ப்பு என்பது வெளிநாட்டுக் கொள்வனவாளர் தன் சாமானைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்துக் கொழும்பில் ஒரே பெட்டியில் அடுக்குவது. சாமான் தொடக்கத்திலிருந்தே அவருடையது, நீங்கள் கூலி வாங்கும் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. மூன்றாவது மீள் ஏற்றுமதி வியாபாரம். நீங்கள் வாங்கி, உங்கள் விலைப்பட்டியலில் (இன்வொய்ஸ்) உங்கள் விலையில் விற்பது. இலாபமும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது.

முதல் தடவைக்கு இரண்டாவது வகையைப் பரிந்துரைப்பேன். ரொறன்ரோக் கடைக்காரர் அப்பளத்துக்கான பணத்தை இந்திய விற்பனையாளருக்கு நேரே அனுப்பட்டும். நீங்கள் யாழ்ப்பாணச் சாமானுக்கும் சேர்ப்புக் கூலிக்கும் மட்டும் விலைப்பட்டியல் போடுங்கள். போடும் முதலும் சிறிதளவு, ஆபத்தும் சிறிதளவு. காகிதம் ஓடும் விதம் கைக்கு வந்தபின் சொந்தமாக வாங்கி விற்கலாம்.

கொம்பனி

தனியார் மட்டுப்படுத்தப்பட்ட கொம்பனியை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இணையத்திலேயே பதியலாம். பெயர் ஒப்புதல், படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளருக்குப் படிவம் 19, அமைப்பு விதிகள். இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பதிந்தபின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம், வற் பதிவு. அந்த இலக்கங்களைக் கொண்டு சுங்கத்தில் இறக்குமதியாளராகவும் ஏற்றுமதியாளராகவும் பதிவு. வங்கியில் வெளிநாட்டு நாணய வணிகக் கணக்கு. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிந்துகொள்ளுங்கள்.

பெயர் விடயத்தில் ஒரு கவனம். கம்பனிப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, சுங்கப் பதிவு, விலைப்பட்டியல், கப்பல் பத்திரம் (சாமானை ஏற்றியதற்குக் கப்பல் கொம்பனி தருவது) எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் "டி.எச்." மற்ற இடத்தில் வெறும் "டி" என்று வந்தால் வங்கி காகிதத்தைத் திருப்பிவிடும். இப்படித் தவறும் ஆட்கள் வடக்கில் மிக அதிகம், ஏனென்றால் எங்கள் பெயர்களை எழுத நான்கு விதம் உண்டு.

பொண்டுக்குள் போவதும் வெளியே வருவதும்

அப்பளமும் இடியப்ப உரலும் தூத்துக்குடியிலிருந்து வருகின்றன என்று வைப்போம். அனுப்புவதற்கு முன்பே, இன்ன பொருள், இன்ன அளவு, மீள் ஏற்றுமதிக்காக வருகிறது என்று சுங்கத்தின் அனுமதியையும், களஞ்சியத்தில் இடம் இருப்பதற்கான உறுதியையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பல் வந்தபின் அனுமதி தேடினால் ஒவ்வொரு நாளும் துறைமுக வாடகையும் கப்பல் கொம்பனியின் பெட்டி வாடகையும் ஏறும். இந்த வியாபாரத்தில் முதல் தடவையே இலாபம் கரைவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்திய விற்பனையாளரின் விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், கப்பல் பத்திரம் மூன்றிலும் பொருளின் பெயர், பெட்டி எண்ணிக்கை, நிறை ஒன்றாக இருக்கட்டும். கப்பலின் சரக்குப் பட்டியலில் "வீட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதிவிட்டால் பிறகு திருத்தக் காசும் நாளும் போகும். எவர்சில்வர்ப் பாத்திரம் என்றால் அப்படியே எழுத வேண்டும், 73.23 என்ற சுங்கப் பொருள்வகைத் தலைப்பு. அப்பளம் 19.05. ஊதுபத்தி 33.07. தலைப்பு இலக்கத்தை உங்கள் கிளியரிங் ஏஜென்ற் சொல்லுவார் என்று விட்டுவிடாமல் நீங்களே தேடிப் பாருங்கள். பிழையான இலக்கத்துக்குக் கையெழுத்து உங்களுடையது.

உள்ளே போகும்போது ஐ.எம். 7 வகைச் சுங்கப் பிரகடனம், ஏஜென்ற்மார் சொல்வதுபோல் கஸ்டெக். உள்ளூர்ப் பாவனைக்கான ஐ.எம். 4 அல்ல. அவசரத்தில் 4 என்று போட்டுவிட்டால் தீர்வை கட்டும்படி வந்துவிடும். நிறுத்தி வைத்த தீர்வைக்கு ஈடாகச் சுங்கம் உத்தரவாதம் கேட்கும். மேலே சொன்ன கணக்கில் 10 இலட்சம் பெறுமதிச் சாமானுக்கு 587,000 ரூபாவுக்கு. வங்கி உத்தரவாதம் என்றால் வங்கி ஈடும் கட்டணமும் கேட்கும். அந்தக் கட்டணத்தையும் விலையில் சேர்க்க மறக்கக்கூடாது. பிறகு சுங்க முத்திரையோடு கொன்ரெயினர் துறைமுகத்திலிருந்து களஞ்சியத்துக்குப் போகும். பேலியகொட, களனி, வத்தளைப் பக்கங்களில் இப்படியான களஞ்சியங்கள் இருக்கின்றன. முத்திரை சுங்க அலுவலர் முன்னிலையில் மட்டும் உடைபடும்.

களஞ்சிய விலை கேட்கும்போது நாள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். உள்ளே இறக்கும் கூலி, வெளியே ஏற்றும் கூலி, குறைந்தபட்சக் கட்டணம், சுங்க அலுவலரின் மேலதிக நேரக் கட்டணம், பலகை வாடகை, காகிதக் கட்டணம் என்று தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். வாடகை கன மீற்றர் கணக்கில். 40 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள அட்டைப் பெட்டி 0.036 கன மீற்றர். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 27 பெட்டிகள். இந்த ஒரே அளவை எல்லா விற்பனையாளரிடமும் கேட்டு வாங்கினால் களஞ்சியக் கணக்கும் ஏற்றும் கணக்கும் தலைவலியில்லாமல் முடியும்.

வெளியே போகும்போது பொண்ட் சாமானுக்கு ஈ.எக்ஸ். 3, யாழ்ப்பாணத்துச் சாமானுக்கு வழக்கமான ஏற்றுமதியான ஈ.எக்ஸ். 1. ஒரே கொன்ரெயினரில் இரண்டும் போகலாம், ஆனால் இரண்டு தனிப் பிரகடனங்கள். ஈ.எக்ஸ். 3 இல் உள்ள அளவு ஐ.எம். 7 இல் உள்ளதோடு பொருந்தினால்தான் உத்தரவாதம் விடுபடும். ஐந்து பெட்டி குறைந்தால் அந்த ஐந்துக்கும் தீர்வை கட்டியாக வேண்டும், எலி கடித்ததென்றாலும். பழுதான சாமானைக் குப்பையில் போட முடியாது, சுங்கத்தின் முன்னிலையில் அழிக்க வேண்டும். கடைக்காரருக்கு மாதிரி காட்ட ஒரு பைக்கற்றை எடுத்துவருவதும் அனுமதியில்லாமல் கூடாது.

நிறை குறைவதால் வரும் சிக்கல் பலருக்குத் தெரியாது. சாக்கில் வரும் செத்தல் மிளகாய், வெங்காயம் போன்றவை களஞ்சியத்தில் உலர்ந்து நிறை குறையும். உள்ளே 1,000 கிலோ, வெளியே 970 கிலோ என்றால் 30 கிலோ எங்கே என்று சுங்கம் கேட்கும். ஆகவே பொண்டில் வைக்கும் சாமான் காற்றுப்புகாத, எண்ணக்கூடிய பைக்கற்றாக இருக்கட்டும். சாக்குச் சாமான் இந்த வழிக்கு உகந்ததல்ல.

எந்த நாட்டுச் சாமான்?

கொழும்புப் பொண்டில் பத்து நாள் இருந்ததால் இந்திய அப்பளம் இலங்கை அப்பளம் ஆகாது. இதைத் தெரிந்தே மீறுபவர்களால் எல்லோரும் பாதிக்கப்படுகிறார்கள். வேறு நாட்டு மிளகையும் பாக்கையும் இலங்கையினது என்று சான்று எடுத்து, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பிய விவகாரத்தில், நேர்மையான மிளகு விவசாயிகளும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அந்த உடன்படிக்கையில் சலுகை பெறப் பொதுவாகக் குறைந்தது 35 சதவீதப் பெறுமதி இங்கே சேர்ந்திருக்க வேண்டும். பெட்டி மாற்றுவதும் லேபல் ஒட்டுவதும் பெறுமதி சேர்ப்பல்ல. வாசனைத் திரவியங்களின் மீள் ஏற்றுமதியைப் பொண்டில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே உற்பத்தி நாட்டை எழுதுங்கள். யாழ்ப்பாணச் சாமானுக்கு மட்டும் இலங்கை உற்பத்திச் சான்றிதழ் எடுங்கள். சிலர் இந்திய விற்பனையாளரின் பெயரைக் கொள்வனவாளரிடமிருந்து மறைக்கக் கப்பல் பத்திரத்தை மாற்றி எழுதச் சொல்வார்கள். சாமானைத் திறந்து மீண்டும் அடுக்கும்போது கொழும்பிலிருந்து புதிய பத்திரமே வருவதால் அந்தச் செலவு தேவையற்றது. பைக்கற்றின் முதுகில் உற்பத்தியாளரின் முகவரி அச்சாகியிருக்கும், கடைக்காரருக்கு வாசிக்கத் தெரியும். அவரைக் கட்டி வைத்திருப்பது உங்கள் சேர்ப்பு வேலைதான்.

தீர்வை நின்றதால் உணவுச் சட்டம் நிற்காது. கனடாவில் இறக்குமதியாளரிடம் உணவு உரிமம் இருக்க வேண்டும், லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்த்தூளில் அஃப்லாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு மொத்தம் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 5 க்கு மேல் இருக்க விடாது. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துச் சான்று எடுத்துவிட்டு ஏற்றுங்கள். கருவாடு ஐரோப்பாவுக்குப் போவதென்றால் அவர்களின் பட்டியலில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலிருந்து மட்டுமே. நெய் சேர்த்த பலகாரத்துக்கும் பால்பொருள் விதிகள் குறுக்கே வரும். ஒரு பைக்கற் தவறினால் முழுக் கொன்ரெயினரும் நிற்கும், கூட இருந்த அப்பளமும் இடியப்ப உரலும் சேர்ந்து. கலந்த பெட்டியின் மிகப் பெரிய ஆபத்து இது. ஆகவே முதல் இரண்டு மூன்று பெட்டிகளில் கருவாடு வேண்டாம்.

பணமும் காப்புறுதியும்

கொள்வனவாளரின் எல்.சி.யை (பணம் தருவதாக அவரது வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) ஈடாக வைத்து இந்தியாவுக்கு இன்னொரு எல்.சி. திறக்கலாம் என்று வங்கியில் சொல்வார்கள். ஒரே சாமான் ஒரே அளவில் போனால் அது சரிவரும். கலந்த பெட்டிக்குச் சரிவராது. இந்திய விற்பனையாளரின் காகிதத்தில் அப்பளம் மட்டும், உங்கள் கப்பல் பத்திரத்தில் பன்னிரண்டு சாமான்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதை வைக்க முடியாததால் வங்கி அதை வழக்கமான எல்.சி.யாக எடுத்துக் காசு ஈடு கேட்கும். சிறிய அளவுக்கு, கொள்வனவாளரிடமிருந்து 30 சதவீதம் முற்பணம், மீதி கப்பல் பத்திரத்தின் பிரதியைக் காட்டியபின், மூலப் பத்திரம் கைமாறுமுன், என்பது நடைமுறையில் நன்றாக ஓடும். சொந்தக்காரர் என்றாலும் மூலப் பத்திரத்தைப் பணம் வருமுன் விட வேண்டாம்.

எல்.சி. என்றால் நாட்களை எண்ணுங்கள். சாமான் ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகுமுன், காகிதங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். சரிபார்க்க வங்கிக்கு 5 வேலை நாட்கள். கடைசி ஏற்றும் திகதி 60 ஆவது நாள் என்றால், இந்தியச் சாமான் 30 ஆவது நாளுக்குமுன் தூத்துக்குடியை விட்டிருக்க வேண்டும். கடல் பயணம் குறுகியதுதான், ஆனால் சுங்கம், பொண்ட், கப்பலில் இடம் பிடித்தல் எல்லாவற்றுக்கும் அந்த மாதம் தேவை. பொருள் ஏற்றுமதியில் வந்த பணத்தை ஏற்றிய 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற மத்திய வங்கி விதியும் நினைவில் இருக்கட்டும்.

காப்புறுதியில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாச் சேதத்துக்கும் என்று எடுக்கும் ஏ வகைச் சரக்குக் காப்புறுதி, வழமையான பயணத்துக்கு மட்டும். நீங்களாக விரும்பிச் சாமானைக் கொழும்பில் நிறுத்திக் களஞ்சியத்தில் வைத்த உடனேயே அந்தக் காப்புறுதி முடிந்துவிடுகிறது. அடுத்த காப்புறுதி கொன்ரெயினரில் ஏற்றும்போதுதான் தொடங்கும். நடுவில் களஞ்சியத்தில் தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ உங்கள் சாமானுக்கு எவரும் பொறுப்பில்லை. களனிக் கங்கையின் கரையோரம் உள்ள களஞ்சியங்களில் வெள்ளம் கற்பனை அல்ல. களஞ்சிய காலத்துக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி, சாமான் பெறுமதியின் 110 சதவீதத்துக்குக் காப்புறுதிப் பத்திரம் எடுங்கள்.

ஏற்றும் நாள்

இருபதடிக் கொன்ரெயினரின் உள் அளவு ஏறத்தாழ 33 கன மீற்றர். பெட்டிகளாக அடுக்கும்போது 26, மிஞ்சினால் 28. மேலே சொன்ன பெட்டி அளவில் 720 பெட்டிகள். எவர்சில்வரும் பனங்கட்டியும் அடியில், அப்பளம் மேலே. ஊதுபத்தியை எந்த மாவோடும் ஒரே கொன்ரெயினரில் அனுப்பாதீர்கள். ஆறேழு கிழமை மூடிய இரும்புக்குள் கிடந்த ஒடியல் மா மல்லிகை வாசத்தோடு போய்ச் சேரும். ஊதுபத்தி கட்டாயம் வேண்டுமென்றால் வேறு கொன்ரெயினர்.

ஒடியலும் புழுக்கொடியலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கையால் முறித்தால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். மாரியில் காயவைத்த ஒடியலைக் கொன்ரெயினரில் ஏற்றக் கூடாது. கடல் வெப்பத்தில் ஈரம் வெளியேறி, குளிர்நாட்டை நெருங்கும்போது கூரையில் தண்ணீராகப் படிந்து கீழே சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, மேலடுக்கின்மேல் தடித்த கடதாசி விரியுங்கள். மரப்பலகை வைத்தால் வெப்பச் சிகிச்சை முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஒரு முத்திரையில்லாப் பலகைக்காக முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பும் நாடுகள் உண்டு. தாவரப் பொருட்களுக்கான சுகாதாரச் சான்றிதழைக் கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையில் எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாண லொறி பின்னேரம் புறப்பட்டால் 400 கிலோமீற்றர் ஓடி விடியற்காலையில் கொழும்பு வந்துவிடும். சாமான் ஏற்றும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாக வரட்டும். ஏ9 இல் ஒரு சில்லு வெடித்தால் தவறுவது கப்பல். நிறைப் பிரகடனம், அதாவது 2016 யூலை 1 முதல் கட்டாயமான கொன்ரெயினர் நிறைச் சான்று, கப்பல் கொம்பனி சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பெட்டி வாசலில் நிற்கும்.

எண்ணிக்கையை இரண்டு பேர் தனித்தனியாகக் குறியுங்கள், ஒருவர் பொண்ட் சாமானை, மற்றவர் ஊர்ச் சாமானை. ஏற்றி முடிந்தபின் இடம் போதாமல் ஏழெட்டுப் பொண்ட் பெட்டிகள் மிஞ்சினால் அவற்றை ஊர் லொறியில் ஏற்றிவிட வேண்டாம். ஈ.எக்ஸ். 3 இல் உள்ள எண்ணைத் திருத்தி, மிஞ்சியதை மீண்டும் களஞ்சியப் பதிவில் ஏற்றி, சுங்க அலுவலரின் கையெழுத்தை வாங்கிய பின்பே கொன்ரெயினர்க் கதவைச் சாத்துங்கள். அடுத்த கப்பலில் போகும்வரை அந்தப் பெட்டிகளுக்கு வாடகை ஓடும், அவற்றின் உத்தரவாதமும் அப்படியே நிற்கும்.